தோட்டாவை அவிச்சுச் சாப்பிடேலாது

2020 மார்ச். கொரோனா என்றதும் எங்கட சனம் அரிசிக்கும் பருப்புக்கும் ஓடினது. அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை வாசலிலும் வரிசை நின்றது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் துப்பாக்கிக்கான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் 37 இலட்சத்தைத் தாண்டின. தோட்டாவும் பெட்டி பெட்டியாகப் போனது.

“அவசரகாலத்துக்குத் தயாராகிறம்” என்பதுதான் அவர்கள் சொல்லும் நியாயம். பொலிஸ் வராது, எங்களை நாங்கள்தான் காக்க வேணும். இந்தப் பயத்தைப் பார்த்து எங்களால் சிரிக்க முடியாது. 2022இல் பெற்றோல் முடியப்போகுது என்று நாங்களும் கானோட போய் நின்றனாங்கள். பதுக்கப் பதுக்கத் தட்டுப்பாடு கூடினதையும் கண்டனாங்கள். 2012 சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அங்கே நடந்ததும் அதுதான். சட்டம் இறுகும் என்ற பயத்தில் ஆளாளுக்கு வாங்கிக் குவிக்க, சாதாரண .22 தோட்டாவே கிடைக்காமல் போனது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. மிஞ்சின அரிசியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். தோட்டாவை வாங்குவதே பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு எதிரியாவார் என்று நினைத்துத்தான்.

90களின் பொருளாதாரத் தடைக்குள் எப்படிச் சீவிச்சனீங்கள் என்று வீட்டில பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ. ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள், சைக்கிள் டைனமோவில் கேட்ட ரேடியோ, கைமாத்தாக வந்த அரிசி என்றுதான் சொல்லுவினம். அந்த நாளில் இந்த மண்ணில் தோட்டாவுக்குக் குறைவே இருக்கேல்ல. குறைவாக இருந்தது சோறும் மருந்தும்.

அடுத்த வெள்ளமோ புயலோ வரத்தான் போகுது. தண்ணி, மருந்து, டோர்ச் எல்லாம் எடுத்து வைப்பம். அதோட, அயலட்டையில் தனிய இருக்கிற வயசான ஆக்கள் ஆர் என்றும் அறிஞ்சு வைப்பம்.