பெயிண்ட் வாளிக்குக் காசு இருக்கிறது, சித்திரப் பெட்டிக்கு இல்லையா?



பெருநாள் நெருங்குகிறது. அக்குறணையிலிருந்து மடவளை வரைக்கும் எத்தனை வீடுகளில் பெயிண்ட் வேலை நடக்கிறது! வாங்கிப் போகிற நிறத்தைப் பாருங்கள்: சாம்பல், வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை. ஏனென்று கேட்டால் ஃபோனைத் திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷொட்டைக் காட்டுவார்கள். துபாயிலோ துருக்கியிலோ யாரோ ஒருவருடைய ஹோல்.

சாம்பல் நிறத்தோடு எங்களுக்குப் பகை இல்லை. ஆசிரியர்களாகிய எங்கள் சண்டை வேறு. பத்தாம் தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற நேரம் அதே வீட்டு வாப்பா பாடசாலைக்கு வருகிறார். "டீச்சர், சித்திரத்த எடுத்துட்டு வேற பாடம் போடுங்கோ. அதால என்ன பிரயோசனம்?" மகளோ தூரிகையைத் தொட்டால் இரண்டு பாடவேளைக்குத் தலை நிமிராத பிள்ளை. படிவத்தில் வேறு பாடம் எழுதப்படுகிறது. பிறகு அதே வாப்பா கொழும்பிலிருந்து ஆள் எடுத்து, சுவருக்கு என்ன நிறம், கர்ட்டனுக்கு என்ன நிறம் என்று கேட்டு, அதற்கும் காசு கொடுக்கிறார். பிரயோசனம் இல்லாத விடயத்துக்கா இந்தச் செலவு?

நிறம் தெரிவு செய்வது ஓர் அறிவு. ஸ்க்ரீன்ஷொட்டில் அது வராது. கண்டியில் மழைக்காலப் பின்னேரம் மலைப் பக்க ஜன்னலால் வருகிற வெளிச்சம் மங்கலானது, குளிர்ந்தது. பாலைவன வெயிலில் பளிச்சென்று இருந்த சாம்பல் இங்கே மழை மேகம் மாதிரித் தொங்கும். பக்கத்தில் இருக்கிற நிறமும் விடாது. பிரான்ஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று முறைப்பாடு வந்தது. குறை சாயத்தில் இல்லை, அருகே வைத்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின என்று அவர் கண்டுபிடித்தார். 1839 இல் அதை ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். கடையின் ஷேட் காட்டில் ஒரு மாதிரியும் சுவரில் வேறு மாதிரியும் நிறம் தெரிவதன் இரகசியமும் இதுதான். கடைக்காரரைத் திட்டுவதில் பலனில்லை.

நிறத்துக்கு யோசனை தேடி தூரம் போகவும் தேவையில்லை. தோட்டத்துச் சாதிக்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். வெளியே வெளிறிய மஞ்சள், உள்ளே கடும் கபிலம், அதைச் சுற்றி வலை போட்ட மாதிரி இரத்தச் சிவப்பு. எது கூட, எது குறைய என்பதையும் அந்தக் காயே சொல்லிவிடும். மிளகுக் கொடியில் பச்சையும் சிவப்பும், வெயிலில் காய்ந்தால் கறுப்பும். இந்தச் சரக்கை விற்றுத்தானே எத்தனை வாப்பாமார் வீடு கட்டினார்கள்!

தும்பறைப் பாய் மடவளைக்காரருக்குப் பக்கத்து வீட்டுக் கதை. மருள் நாரில் நெய்வது அது. சிவப்புக்குப் பதங்கி மரம், மஞ்சளுக்கு மரமஞ்சள் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தே சாயம் எடுத்த கைகள். 2021 இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உயிர் உருவம் வேண்டாமென்பவர்களுக்குக் கோடும் முக்கோணமுமாக நெய்தவையும் உண்டு. ஹோல் சுவரில் ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தச் சுவருக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.

"சித்திரம் படித்தால் சோறு கிடைக்குமா?" என்பது அடுத்த கேள்வி. பெயார்ஃபுட் கைத்தறி நிறுவனத்தை உருவாக்கிய பார்பரா சன்சோனி 1928 இல் கண்டியில் பிறந்தவர். நம் நாட்டு மண், செடி, கடல் நிறங்களைத் துணிக்குக் கொண்டுவந்தார். கிராமத்துப் பெண்கள் அதை நெய்து சம்பாதித்தார்கள். மாத்தளை அலுவிஹாரையில் ஏனா டி சில்வா ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பத்திக்கும் ஊசிவேலையும் வளர்த்தார். அவருடைய பத்திக், ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரையையே அலங்கரித்தது. கிழக்கில் நம் மருதமுனையின் கைத்தறி எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

"வீட்டை அலங்கரிப்பது இஸ்ராஃப் இல்லையா?" என்பவர்களும் உண்டு. அளவு மீறினால் இஸ்ராஃப்தான், சந்தேகமில்லை. ஆனால் யாரோ வீட்டைப் பார்த்துப் பூசி, அது சலித்ததும் மூன்று வருடத்தில் திரும்பப் பூசுகிறோமே, அதற்கு என்ன பெயர்? ஸூரா ஃபாதிரின் 27 ஆவது வசனம் கனிகளின் பல நிறங்களையும் மலைகளில் ஓடுகிற வெள்ளை, சிவப்பு, கறுப்புப் பாதைகளையும் காட்டுகிறது. அடுத்த வசனமே அறிவுடையோரைப் பற்றிச் சொல்கிறது. நிறத்தைக் கவனித்துப் பார்ப்பது விளையாட்டு வேலை என்று எங்களால் எண்ண முடியவில்லை.

ஆகவே உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் இரண்டு விடயம் கேட்கிறோம்.

முதலாவது: பெயிண்ட் பாஸ் வர முன் சின்ன டின்னில் இரண்டு மூன்று நிறம் வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். பழைய காட்போட் மட்டையில் இரண்டு தரம் பூசட்டும். ஸுபஹுக்குப் பிறகு, அஸருக்குப் பிறகு, இரவில் பல்ப் வெளிச்சத்தில் என்று மூன்று நேரம் சுவரில் பிடித்துப் பார்க்கட்டும். சோபாத் துணியையும் கர்ட்டனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எது ஏன் பிடிக்கவில்லை என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் படுக்கிற அறையின் ஒரு சுவரையாவது அவள் தீர்ப்புக்கு விடுங்கள். பிழைத்தால் ஒரு சுவர்தானே, திரும்பப் பூசலாம்.

இரண்டாவது: பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட முன் மகளிடம் ஒரு தடவை கேளுங்கள். சித்திரம் வேண்டுமென்றால் சித்திரம் இருக்கட்டும். நாளைக்கு நம் ஊரில் வீடு கட்டுகிறவர் நிறம் கேட்டுக் கொழும்புக்கு ஃபோன் எடுக்காமல், நம் பிள்ளை ஒருத்தியின் கதவைத் தட்டுகிற நாளை அல்லாஹ் நமக்குக் காட்டுவானாக. ஆமீன்.