நீங்க வாங்கும் கல்லுப்பில் அயோடின் இருக்கா? உருளைக்கிழங்கு சொல்லும்

விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பக்கம் மரக்காணம் உப்பளம், இன்னொரு பக்கம் செஞ்சி, பனமலை. உப்பு சொந்த மாவட்டத்திலேயே விளைகிறது. ஆனால் கடையில் வாங்கும் கல்லுப்பில் அயோடின் இருக்கா?

இது சும்மா கேள்வி இல்லை. 2018-19 இந்திய அயோடின் ஆய்வின்படி, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களில் கடைசி இடம். கர்ப்பிணிக்கு அயோடின் ரொம்பக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) சொல்லும் சோதனை சிம்பிள். நறுக்கிய உருளைக்கிழங்கில் உப்பைத் தடவி, ஒரு நிமிஷம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் வந்தால் அயோடின் உப்பு. கலப்படமோன்னு பயப்பட வேண்டாம். இங்கே நீலம்தான் நல்ல செய்தி.

நீலம் எப்படி வருது? உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். அது ஸ்டார்ச்சோடு சேர்ந்து நிறம் தராது. எலுமிச்சையின் அமிலமும் வைட்டமின் சி-யும்தான் அதை அயோடினாக மாற்றுகின்றன. கூடவே அயோடைடும் உருவாகும். அயோடைடு எலக்ட்ரான் ஜோடியைக் கொடுக்கும், அயோடின் வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் உருவாகும் சங்கிலி, ஸ்டார்ச்சின் சுருளுக்குள் போய் வரிசையாக உட்காரும். அங்கே எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுக நகர முடிவதால் மஞ்சள், சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது. மிச்சம்தான் நம் கண்ணுக்கு நீலம்.

ஆனா நீலம் வந்துட்டா அளவும் சரியா இருக்குன்னு அர்த்தமில்லை. வீட்டுக்கு வரும்போது கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும். அதை உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து பார்க்கணும்.