வண்டி ஓடும் சரி, நிக்குமா?

"ட்ராக் டேக்கு வரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டுடறேன். 30 குதிரை கூட வரும்ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நண்பர் ஒருத்தர் சாட்ல இப்படிக் கேட்டார். நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?"

அஞ்சு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் வந்துச்சு பதில்: "அதையெல்லாம் மாத்தணுமா என்ன?"

சாட்ல சொல்லி முடியற விஷயம் இல்லைங்கறதால பதிவாவே போட்டுடறேன். என் கட்சி இதுதான்: முதல் முறை ட்ராக்குக்குப் போறவங்க என்ஜின்ல பத்து பைசா போடக்கூடாது. பிரேக்கையும் கூலிங்கையும் சரி பண்ணிட்டு, காசு மிச்சம் இருந்தா பெட்ரோல் போட்டுக்கங்க. இதை நான் புத்தகம் படிச்சு சொல்லலை. பட்டு சொல்றேன். (காஞ்சிபுரத்துக்காரன் பட்டுன்னாலே வேற அர்த்தம் எடுத்துக்காதீங்க :))

எங்க ஊர்லேர்ந்து சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுமார் 40 கிலோமீட்டர் போனா இருங்காட்டுக்கோட்டை. அங்கதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக். அதுக்கு முன்னாடி ரேஸெல்லாம் சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல நடந்துச்சு. கிளப்பே நிலம் வாங்கி 1990-ல திறந்தது இந்த 3.717 கி.மீ. ட்ராக். மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு இப்ப பேர் மாத்தியிருக்காங்க, நமக்கு எப்பவும் இருங்காட்டுக்கோட்டைதான். கோயிலும் பட்டும்தான் எங்க மாவட்டம்னு நினைக்கறவங்களுக்கு இது ஒரு கூடுதல் தகவல்.

என் வண்டியை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கறவங்க சிரிப்பாங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டர்போ ஹேட்ச்பேக், 105 குதிரை. முதல் தடவை போனப்ப புது டயர், புது ஏர் ஃபில்டர், பளபளன்னு பாலிஷ். பக்கத்து சீட்டுல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு சித்தப்பா பையன். அன்னைக்கு கூட ஒரு ஆளை ஏத்திக்க அனுமதி இருந்துச்சு. நாலு லேப் அருமையா போச்சு. அஞ்சாவது லேப்ல ஸ்ட்ரெயிட் முடிவுல பிரேக்கை மிதிச்சேன். பெடல் நேரா தரைக்குப் போச்சு. பஞ்சு மூட்டையை மிதிச்ச மாதிரி. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினேன், கொஞ்சம் பிடிச்சுது, அதுக்குள்ள திருப்பம் முடிஞ்சு போச்சு. வண்டி நேரா மண்ணுல இறங்கி, புழுதியைக் கிளப்பி, ஒரு வழியா நின்னுச்சு. தம்பி கேட்டான்: "அண்ணா, இதுவும் ட்ராக்குதானா?"

யாருக்கும் அடி இல்லை. ஆனா அவன் அந்த சீட்டுல உக்காந்திருந்ததை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கை ஈரமாகுது.

இதைவிட மோசம் அடுத்தது. பிட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பார்த்தா பெடல் கல்லு மாதிரி திரும்ப வந்துடுச்சு! சரியாயிடுச்சுன்னு நினைச்சு அதே வண்டியில ஹைவேயில ஊருக்குத் திரும்பினேன், லாரிகளுக்கு நடுவுல. சரியாகவே இல்லைன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

என்ன ஆச்சுன்னு பார்ப்போம். கணக்குக்கு பயப்படாதீங்க, பிளஸ் டூ இயற்பியல்தான்.

ஆளோட சேர்த்து வண்டி 1200 கிலோ. 150-லேர்ந்து 70-க்குக் குறைக்கணும். இயக்க ஆற்றல் கணக்கு போட்டா, கரைய வேண்டியது சுமார் 8 லட்சம் ஜூல். இதை 3 செகண்ட்ல செய்யணும்னா 270 கிலோவாட், அதாவது 360 குதிரைக்கு மேல. காத்து தடுக்கறது, என்ஜின் பிடிக்கறதுன்னு கொஞ்சம் கழிச்சாலும், 105 குதிரை என்ஜின் வச்ச வண்டியில பிரேக் செய்யற வேலை என்ஜினைப் போல மூணு மடங்குக்குக் குறையாது. அவ்வளவும் சூடாத்தான் போகணும், வேற போக்கிடம் இல்லை. 30 டிகிரியில இருக்கற தண்ணி ரெண்டே முக்கால் லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டு போற சூடு அது. ஒரே ஒரு மிதிக்கு. அஞ்சு லேப் ஓட்டினா எங்க தெரு சாயப்பட்டறை அண்டாவையே காய வச்சுடலாம். அதுலயும் பெரும்பங்கு முன் சக்கரம் ரெண்டு தலையிலதான் விழுது.

இப்ப ரீமேப் ஆசாமிக்கு வருவோம். 30 குதிரை கூட வந்து, அதே இடத்துக்கு 150-க்கு பதிலா 165-ல வந்து சேர்றார்னு வைங்க. வேகம் 10 சதவீதம் கூடினா ஆற்றல் 21 சதவீதம் கூடும். ஏற்கெனவே திணர்ற பிரேக் மேல இன்னொரு மூட்டை. ரேடியேட்டருக்கும் அதே கதை.

சரி, ஆயில். நம்ம ஊர்ல 'பிரேக் ஆயில்'ங்கறோம், அது ஆயிலே இல்லை. கிளைகால் வகை திரவம். காத்துல இருக்கற ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4-ன்னா புதுசா இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாதுங்கறது விதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த வரம்பு 155-க்கு இறங்கிடும். டாட் 3-ன்னா 205-ம் 140-ம். நம்ம மெட்ராஸ் பக்கத்து ஈரக் காத்துல ரெண்டு மூணு வருஷம் கிடந்த ஆயில் எந்தப் பக்கம் இருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கங்க. காலிப்பர் கிட்ட அது கொதிச்சா ஆவிக்குமிழி வரும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நீங்க மிதிக்கறது பூரா குமிழியை நசுக்கவே சரியாப் போயிடும். ஆறினதும் ஆவி திரும்ப தண்ணியாகும், பெடல் வரும். ஆனா உள்ள இருக்கறது அதே ஈர ஆயில். அடுத்த தடவை சூடானா திரும்பக் கைவிடும். என்னை ஏமாத்தினது இதுதான்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் "குறைஞ்சா ஊத்திவிட்டா போதும் தம்பி"ன்னு சொல்லிட்டு இருந்தார். நானும் தலையாட்டினேன். தப்பு என்னோடது, என்ஜினியரிங் படிச்சவன் நான்தானே. மேல ஊத்தறது வேற, பழசு மொத்தத்தையும் நாலு சக்கரத்துலயும் வெளிய எடுத்து, ஏர் எடுத்து, புதுசை நிரப்பறது வேற. ட்ராக்குக்கு 300 டிகிரிக்கு மேல தாங்கற ரேஸிங் ஆயிலே கிடைக்குது. டாட் 5.1 வாங்கலாம், வெறும் டாட் 5 வாங்கிடாதீங்க. அது சிலிக்கான், மத்ததோட சேராது.

அடுத்து பேட். கம்பெனி பேட் ரோட்டுக்குப் பண்ணினது, காலைல ஆறு மணிக்கு சில்லுன்னு இருக்கும்போதும் பிடிக்கணும்ங்கறதுதான் அதுக்குக் கட்டளை. ஓரளவுக்கு மேல சூடானா பெடல் கல்லா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. பெடல் தரைக்குப் போனா ஆயில், பெடல் கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா பேட். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. ட்ராக் பேட் போட்டா கத்தும், சக்கரமெல்லாம் கரி அப்பும், ஆறிப்போய் இருக்கும்போது சரியா பிடிக்காது. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரகம் போட்டிருக்கேன். புது பேட்டை நேரா ட்ராக்குக்குக் கொண்டு போகாதீங்க, முன்னாடியே படிப்படியா சூடாக்கி ஆறவிட்டு டிஸ்க்கோட பழக்கணும். பாதிக்கு மேல தேஞ்ச பேட்டும் வேண்டாம். பேட்டோட கனம்தான் ஆயிலுக்கும் சூட்டுக்கும் நடுவுல இருக்கற சுவர்.

ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பாக்க அழகு. ட்ராக் சூட்டுல விரிசல் விடறது அந்த ஓட்டை ஓரத்துலதான். சாதா டிஸ்க்கே போதும். பெரிய காலிப்பர் கிட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

உருப்படியான வேலை காத்துக்குழாய். ஃபாக் லேம்ப்பைக் கழட்டிட்டு அந்தப் பொந்துலேர்ந்து ரெண்டரை இஞ்ச் ஹோஸ் ஒண்ணை முன் டிஸ்க்கு வரை கொண்டு போகணும். இங்க ஒரு நுணுக்கம்: காத்தை டிஸ்க் முகத்துல அடிக்கக் கூடாது, நடு மையத்துல விடணும். நடுவுல இடைவெளி விட்ட டிஸ்க் ஒரு காத்தாடி மாதிரி, மையத்துல இழுத்து விளிம்பு வழியா வெளிய தள்ளும். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஹோஸ் டயர்ல உரசலைன்னு பார்த்துக்கங்க. நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால அளந்தேன் (கொரோனா காலத்துல நெத்தியில வச்சாங்களே அது இல்லை, தொழிற்சாலை ரகம்). அதே 5 லேப் ஓட்டி பிட்ல நிறுத்தினதும் குழாய்க்கு முன்னாடி 410, பின்னாடி 330. செலவு ரெண்டு ஹோஸ், ஒரு கை நிறைய கேபிள் டை.

கூலிங் விஷயத்துல முதல் எதிரி டேஷ்போர்டு முள்ளு. நிறைய வண்டியில அது உண்மையைச் சொல்லாது, கொஞ்சம் ஏறினாலும் நடுவுலயே நிக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க. சாதாரண ஓபிடி கருவி ஒண்ணை சொருகி போன்ல பார்த்தா, முள்ளு நடுவுல இருக்கும்போதே கூலண்ட் 108-ல நிக்குது. மூடி அழுத்தத்தால 120-க்கு மேலயும் கொதிக்காம தாங்கும், குக்கர் மாதிரி. ஆனா மூடி ரப்பர் பழசானா அந்தத் தெம்பு போச்சு. மூடி விலை ரொம்பக் கம்மி, மாத்திடுங்க. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்ஸருக்கும் நடுவுல சேர்ற தூசியைக் கழுவுங்க. ரேடியேட்டரைச் சுத்தி இருக்கற சந்தையெல்லாம் ஃபோம் வச்சு அடைங்க, காத்து சுத்திக்கிட்டு ஓடாம உள்ளதான் போயாகணும். ஏசி அணைச்சுடுங்க. ரொம்ப ஏறுதுன்னா ஹீட்டரை முழுசா திறந்துவிடுங்க. வேர்த்து வடியும், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடறது மட்டும் வேண்டாம், அது நம்ம ஊர் வைத்தியம்.

டர்போ வண்டிக்கு இன்னொரு தலைவலி. மதியம் 38 டிகிரி வெயில்ல உள்ள போற காத்தே சூடாயிடும், என்ஜின் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாத்திக்க சக்தியைக் குறைச்சுடும். காசு கொடுத்து வாங்கின 30 குதிரை மூணாவது லேப்ல லாயத்துக்குத் திரும்பிடும்!

"ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவா?"ம்பீங்க. ஒரே மிதி போதும்ங்க. ஜனவரி 2025-ல துபாய் 24 மணி நேர ரேஸுக்கு முன்னாடி பயிற்சியில அஜித் கார் தடுப்புல மோதி சுத்தினதை எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிரேக் ஃபெயிலியர்னு அவர் தரப்புல சொன்னாங்க. முழு அணி, மெக்கானிக், உதிரிபாகம் எல்லாம் இருக்கற இடத்துலயே இது நடக்கும். நாம எம்மாத்திரம்? அவருக்கு ரோல் கேஜ் இருந்துச்சு. என் தம்பிக்கு ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும்தான்.

ட்ராக் டே நடத்தறவங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் போன இடங்கள்ல ஹெல்மெட்டைத் தட்டிப் பார்க்கறாங்க, டயரைப் பார்க்கறாங்க. பிரேக் ஆயில்ல ஈரம் எவ்வளவுன்னு காட்டற பேனா அளவு கருவி சல்லிசா கிடைக்குது, அதை ஒரு சொட்டுல தோய்ச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? தேறாதவங்களைத் திருப்பி அனுப்பணும். திட்டுவாங்கதான். அன்னைக்கு என்னை அனுப்பியிருந்தா நானும் திட்டியிருப்பேன்.

நம்ம ஆளுங்களுக்கு நிறுத்தற சமாச்சாரம்னா ஒரு இளப்பம். முட்டுக்கட்டைன்னா நம்ம பேச்சுல திட்டு. ஆனா வைகாசியில வரதர் தேர் வர்றப்ப பாருங்க. வடம் பிடிக்க ஊரே வரும், முட்டுக்கட்டை போட பழகின சில பேர்தான். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நடந்துக்கிட்டே கட்டையைச் சொருகுவாங்க, நசுங்கற மரத்துல சூட்டு வாசனை வரும். திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனத்துல ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்காங்க. அப்பவும் கட்டைக்காரங்க இல்லாம தேர் தெரு முனை திரும்பாது.

ட்ராக்ல ஓட்டி முடிச்சதும் கடைசி லேப்பை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆறவிடுங்க. பிட்ல ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கொதிக்கற டிஸ்க்ல பேட் ஒரே இடத்துல அப்பிக்கும். கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வைங்க. அந்தக் கட்டையை சித்தப்பாதான் செதுக்கிக் கொடுத்தார். தம்பி விஷயம் அவருக்குத் தெரியாது, இந்தப் பதிவை யாராவது காட்டிடாதீங்க.

அந்த நண்பர் ரீமேப்பைத் தள்ளிப் போட்டிருக்கார். ஆயில், பேட், ஹோஸ், மூடி எல்லாம் சேர்த்தே ரீமேப் செலவுல முக்கால்வாசி கூட ஆகலை. என்கிட்ட ரேஸிங் ஆயில் அரை டின் மிச்சம் இருக்குன்னு கேட்டார். தரலை. திறந்து மூணு மாசம் ஆச்சு, அது நல்லா ஈரம் குடிச்சிருக்கும்.