‘விசேஷமா டீச்சர்?’

முதலாம் ஆண்டு வகுப்பில் ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அபூர்வம். ஒரு பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கக் கை பிடித்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்றுக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருக்கும். மூன்றாவது பிள்ளை, ‘டீச்சர், அவன் என் ரப்பரை எடுத்துட்டான்’ என்று அழுதுகொண்டே வந்து மடியில் முகம் புதைக்கும். கண்ணீரோடு மூக்குச்சளியும் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆசிரியை பத்து வாரக் கர்ப்பிணியாக இருக்கலாம். கணவரையும் தாயாரையும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லாதே என்பது வீட்டுக் கட்டளை. வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து இருமல் கேட்கும்போதெல்லாம் கைப்பையில் கிடக்கும் முகக்கவரி ஞாபகத்துக்கு வருகிறது. எடுத்துப் போட்டால் போச்சு. ஓய்வு நேரத்தில் கந்தினில் நெத்திலிக் குழம்போடு சேர்த்துக் கேள்வியும் பரிமாறப்படும்: ‘என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா? இல்ல, விசேஷமா?’

பண்டமாரானிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இப்படி எத்தனை ஆசிரியைகள் இருப்பார்கள் என்று எந்தத் துறையும் கணக்கெடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு தேவையும் படாது. அங்கே பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் குடும்பம் தொடங்கும் வயதில் இருப்பவர்கள்.

மலேசியாவில் முகக்கவரி சட்டமானது 2020 ஆகஸ்ட் 1-இல். 2022 மே 1-இல் திறந்த வெளியில் அது கட்டாயமில்லை என்றானது. அதே ஆண்டு செப்டம்பர் 7-இல், அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், கட்டடங்களுக்குள்ளும் முகக்கவரி அவரவர் விருப்பம் என்று அறிவித்தார்; பொதுப் போக்குவரத்துக்கும் மருத்துவமனை போன்ற இடங்களுக்கும் மட்டும் கட்டாயம் தொடர்ந்தது. வகுப்பறையும் ‘விருப்ப’த்தின் கீழ் வந்தது. 2023 ஜூலை 5-இல் ரயிலிலும் பேருந்திலும் இருந்த கட்டாயமும் போனது. நாடு பெருமூச்சு விட்டது. விட்டதில் தப்பில்லை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மூச்சை மூடி வைத்திருந்த நாடு.

ஆனால் இந்த ‘விருப்பம்’ யாருடைய விருப்பம் என்பதில்தான் சிக்கல். முகக்கவரி முதலில் தடுப்பது அணிந்தவரின் வாயிலிருந்து கிளம்பும் துளிகளை. முப்பது பிள்ளைகளும் அணிந்திருந்தால் வகுப்பின் காற்றில் கலக்கும் கிருமி குறையும். ஆசிரியை ஒருவர் மட்டும் அணிந்தால் அவருக்கு ஓரளவு காப்பு, அவ்வளவே. அதுவும் நல்ல தரமான கவரி, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தி, ஐந்து மணி நேரம் கழற்றாமல் இருந்தால். குரலை உயர்த்தி ‘சத்தம் போடாதீங்க!’ என்று கத்த வேண்டிய தொழிலில் அது நடக்கிற காரியமா? ஆக, பிள்ளைகளின் விருப்பத்தில் அவருடைய பாதுகாப்பு இருக்கிறது. அவருடைய விருப்பத்தில் அவ்வளவு இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம், எல்லாருக்கும் பொதுவான கட்டாயம் ஒரு திரையாகவும் இருந்தது என்பது. 2021-இல் கர்ப்பிணியும் அணிந்தார், கல்யாணமாகாதவரும் அணிந்தார், தலைமையாசிரியரும் அணிந்தார். யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை. கட்டாயம் போனதும் அணிந்தவர் தனியாகத் தெரிந்தார். குழந்தைக்காகப் பல ஆண்டு காத்திருந்து, ஒன்றிரண்டு முறை கலைந்தும் போன ஒரு பெண், பத்தாவது வாரத்தில் தன் செய்தியைத் தன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது நம் ஊரில் சின்ன விஷயமல்ல. ‘கண்ணு பட்டுடும்’ என்ற அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். அதனடியில் இருக்கும் பழைய துக்கத்தைத் தள்ள முடியாது.

அச்சத்துக்கு உடலிலும் காரணம் உண்டு. கருப்பை வளர வளர உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலில் மிச்சக் காற்றுக்கான இடம் குறைகிறது. அதே நேரத்தில் உடலுக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படுகிறது. நோய் எதிர்ப்பு முறையும் கருவை ஏற்றுக்கொள்ளும்படி தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் மற்றவருக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது கர்ப்பிணிக்கு நிமோனியாவில் முடியக்கூடும். 2009-இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களிலோ சுமார் நூற்றுக்கு ஐவர்.

கிள்ளான்காரர்களுக்கு அமெரிக்கக் கணக்கு தேவையில்லை. 2021 ஜூலையில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி, கட்டடத்துக்கு வெளியேயும் கட்டில் போட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு மலேசியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 68.2 தாய்மார் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு 24.9. பல பத்தாண்டுகள் பாடுபட்டுக் கீழே கொண்டுவந்த எண் ஒரே ஆண்டில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி தாமதமாகத்தான் திறந்தது. அதுவும் தொடக்கத்தில் 14-ஆவது வாரம் முதல் 33-ஆவது வாரம் வரை. 2021 அக்டோபரில் பள்ளிகள் சுழற்சி முறையில் திறந்தபோது, அப்போதுதான் கருத்தரித்திருந்த, ஊசி போட்டிராத ஓர் ஆசிரியையின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். பள்ளிக்கு வரச் சொல்லும் உத்தரவு ஒரு கையில், இன்னும் சில வாரம் பொறுங்கள் என்ற ஊசி அட்டவணை மறு கையில்.

அந்த 2021-ஐ அப்படியே தூக்கி இன்றைக்குக் கொண்டுவருவது நியாயமாகாது. இன்றைய கொவிட் அன்றைய டெல்டா அல்ல. ஊசியாலோ நோயாலோ பெரும்பாலோருக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. தாய் இறப்பு விகிதமும் மறு ஆண்டே இறங்கிவிட்டது. முகக்கவரிக்கு ஒரு விலையும் உண்டு என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைவிட யார் நன்றாக அறிவார்கள்? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ழகரம் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்து நாக்கைக் காட்டியாக வேண்டும். நாக்கு எங்கே மடிகிறது, ளகரத்துக்கும் லகரத்துக்கும் எங்கே தொடுகிறது என்று பிள்ளை கண்ணால் பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறது. கவரிக்குப் பின்னாலிருந்து வந்த ‘மழை’, ‘மலை’யாகவும் ‘மளை’யாகவும் பிள்ளைகளின் ஏட்டில் இறங்கியதை 2022-இல் திருத்தித் திருத்திச் சலித்தவர்களும் இதே ஆசிரியைகள்தான். ஆகவே ‘எல்லாரும் எப்போதும் அணியுங்கள்’ என்பது அவர்களுடைய கோரிக்கையே அல்ல.

பிறகு எதுதான் கவலை? 2025 அக்டோபர் அதற்கு நல்ல விளக்கம். இன்புளுவென்சா காய்ச்சல் நாடு முழுதும் பள்ளிகளில் பரவியது. ஒரு வாரத்தில் 14 ஆக இருந்த தொற்றுத் திரள்கள் மறு வாரம் 97 ஆயின. ஏறத்தாழ 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வித் தலைமை இயக்குநர் முகமட் அசாம் அகமட் தெரிவித்தார். சில பள்ளிகள் மூடப்பட்டன. முகக்கவரி அணிய ஊக்குவிக்கும்படி பள்ளிகளுக்கு அறிவுரை போனது. ‘ஊக்குவித்தல்’ என்றால் என்ன என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்: காலைச் சபைக்கூடலில் ஒரு அறிவிப்பு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். பத்துப் பிள்ளைகள் அணிந்து வருவார்கள். ஓய்வு நேரத்துக்குள் ஐந்து கவரி தாடைக்கு இறங்கியிருக்கும், ஒன்று மேசைக்கடியில் கிடக்கும்.

காய்ச்சலோடு வரும் பிள்ளையைப் பெற்றோர் ஏன் அனுப்புகிறார்கள் என்று கோபப்படுவது சுலபம். துறைமுகக் கிடங்கிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் காய்ச்சலுக்கென்று விடுப்பு கேட்பது எளிதல்ல. பாரசெட்டமோல் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வேனில் ஏற்றிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அம்மை போட்டால் இதே குடும்பங்கள் வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை; மாரியம்மாள் போட்ட சட்டம். சளிக்கும் இருமலுக்கும் அப்படியொரு மரியாதை நம்மிடம் இல்லை.

முகக்கவரி எல்லாவற்றுக்கும் மருந்துமல்ல. ரூபெல்லா எனும் ஜெர்மன் மணல்வாரி, கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கக்கூடியது. மலேசியா 1988 முதலே பள்ளிச் சிறுமிகளுக்கு அதற்கான ஊசி போட்டுவந்ததால் இன்றைய ஆசிரியைகளில் பெரும்பாலோர் தப்பித்தார்கள். சைட்டோமெகலோ வைரசுக்கு அப்படி ஊசி கிடையாது. சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் அது இருக்கும். பாலர் பள்ளியில் மூக்குத் துடைத்து, கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆசிரியைக்குக் கை கழுவுவதுதான் காப்பு. கை, கால், வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் பாலர் பள்ளி வாசலிலேயே பிள்ளைகளின் உள்ளங்கையையும் வாயையும் பார்த்து அனுப்புகிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அந்தப் பள்ளியை மூடவும் முடியும். பிள்ளைகளுக்காக வாசலில் நிற்க முடிந்த நிர்வாகத்துக்கு, உள்ளே நிற்கும் கர்ப்பிணியைப் பற்றி எழுதிவைத்த நடைமுறை ஒன்று வேண்டுமென்று தோன்றவில்லை.

அது இல்லாத இடத்தில் நடப்பதெல்லாம் தலைமையாசிரியரின் மனசைப் பொறுத்தது. நல்லவர் வாய்த்தால், ‘நீங்க நூலகத்தைப் பாத்துக்குங்க டீச்சர், ரெண்டு வாரம் அந்த வகுப்புப் பக்கம் போக வேண்டாம்’ என்பார். வேறு மாதிரி வாய்த்தால், ‘நாங்க எல்லாம் புள்ள பெக்கலையா?’ என்பதில் பேச்சு முடிந்துவிடும். சொல்பவரும் பெண்ணாகவே இருக்கலாம்.

மனசைப் பொறுத்து விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உத்தரப்பிரதேசம் சாட்சி. 2021 ஏப்ரலில், தொற்றின் உச்சத்தில், அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. பணிக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். அதில் 1,621 பேர் இறந்ததாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. மாநில அரசு முதலில் ஒப்புக்கொண்டது மூன்று பேரை. இறந்தவர்களில் ஜான்பூர் மாவட்டத்து எட்டு மாதக் கர்ப்பிணி ஆசிரியை ஒருவரும் உண்டு. தேர்தல் பணியிலிருந்து விலக்குக் கேட்டும் கிடைக்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். நம் நாட்டில் நிலைமை அப்படி இல்லை என்பது உண்மை. இல்லாததற்குக் காரணம் விதியா, நல்ல மனசா என்பதுதான் கேள்வி.

ஜப்பான் இதை வேறு விதமாகக் கையாண்டது. 2020 மே 7 முதல், கொவிட் அச்சத்தால் கர்ப்பிணிக்கு மன அழுத்தம் கூடி உடல்நலம் கெடும் என்று மருத்துவரோ மருத்துவச்சியோ கருதி அட்டையில் எழுதிக் கொடுத்தால், முதலாளி வேலையை மாற்றியோ வீட்டிலிருந்து செய்யவிட்டோ விடுப்புக் கொடுத்தோ ஆக வேண்டும் என்றார்கள். ‘பயப்படாதீங்க’ என்று யாரும் உபதேசிக்கவில்லை. பயத்தையும் ஒரு மருத்துவக் காரணமாக ஏற்றார்கள். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு விதிப்படி கர்ப்பிணி ஊழியருக்கு உள்ள ஆபத்தை முதலாளி கணக்கிட்டு வேலையை மாற்ற வேண்டும், வழியே இல்லையென்றால் சம்பளத்தோடு நிறுத்திவைக்க வேண்டும். 2022 ஜனவரியில் இங்கிலாந்து வகுப்பறைகளில் முகக்கவரி போனபோதும் அந்த விதி போகவில்லை.

நம்மிடமும் கருவி இல்லாமல் இல்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. வேலையிடத்தில் உள்ள ஆபத்தை முதலாளி மதிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. பொதுச் சேவையும் அதற்குள் அடங்கும். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடம். ஆசிரியைக்கு அது வேலையிடம். 2018 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் இன்னொன்றும் கொடுத்தது: ஐந்து மாதம் ஆன கர்ப்பிணி அரசு ஊழியர் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பலாம். நல்ல மனத்தோடு கொடுத்த சலுகை. ஆனால் ரூபெல்லா போன்ற கிருமிகள் கருவை அதிகம் சிதைப்பது முதல் மூன்று மாதத்தில். யாருக்கும் சொல்லாத அந்த மூன்று மாதத்தில்.

அதனால் கேட்க வேண்டியது பெரிய சட்டமல்ல. ஒரு வகுப்பில் திரள் உறுதியானால் அந்த வகுப்பு மட்டும் ஒரு வாரம் முகக்கவரி அணியட்டும். அது விருப்பமாக இருக்க வேண்டாம். தாய்சேய் கிளினிக் மருத்துவர் ‘கர்ப்பம்’ என்ற சொல்லே இல்லாமல், ‘இவருக்குத் தற்காலிகப் பணி மாற்றம் தேவை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பள்ளி அதை ஏற்கட்டும். காரணம் துருவ வேண்டாம். கிளினிக்கில் கர்ப்பிணியின் ஏட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்துக்கேற்ப வண்ணம் ஒட்டும் முறை நம் மிஸ்ஸிகளுக்கு அத்துப்படி. அந்த ஏட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஆசிரியை’ என்று எழுதும்போது, எந்த வகுப்பு என்று கூடவே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

காற்றும் இருக்கிறது. பண்டமாரான்காரர்களுக்குக் காற்றின் அருமை தெரியும். 2005 ஆகஸ்ட் 11-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, பக்கத்துத் துறைமுகக் கிள்ளானில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, கொவிட்டுக்குப் பதினைந்து ஆண்டு முன்பே கவரி கட்டியவர்கள். பழைய வகுப்பறைகளில் நாக்கோ சன்னலும் கூரை விசிறியும் இருந்தன. இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டிக் குளிர்சாதனம் பொருத்தி, சன்னலை மூடி, கதவில் ‘கதவைச் சாத்தவும்’ என்று ஒட்டுகிறது. வெயிலுக்கு அது வரப்பிரசாதம்தான். இருமல் காலத்தில் அந்தத் தாளைக் கிழித்து, சன்னலைத் திறந்து, விசிறியைப் போட ஒரு காசும் செலவில்லை.

பணி மாற்றத்துக்கு ஆள் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி. ஓர் ஆசிரியை விலகினால் அவருடைய பாடவேளைகள் ‘ரிலிப்’ என்று மற்றவர் தலையில் விழும், அவர்கள் முணுமுணுப்பார்கள், அந்த முணுமுணுப்புக்குப் பயந்தே பல கர்ப்பிணிகள் வாய் திறப்பதில்லை. ஆனால் விலகத் தேவையில்லை, இடம் மாறினால் போதும். ஆறாம் ஆண்டுக்குப் போகிறவர் முதலாம் ஆண்டுக்கும், முதலாம் ஆண்டுக்காரர் ஆறாம் ஆண்டுக்குமாக இரண்டு வாரம் மாறிக்கொள்ள ஒரு பென்சிலும் அட்டவணைத் தாளும்தான் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் துணைத் தலைமையாசிரியர் அந்தத் தாளை விரித்து உட்காரும்போது, காலியாக ஒரு மாற்றுப் பத்தியையும் கோடிழுத்து வைக்கலாம். அதில் யார் பெயர் வரும் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.