பாய்லருக்கு மீட்டர் உண்டு, பாட்டாளியின் இருதயத்துக்கு?

மில் தோழர்களுக்குப் பாய்லரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு மீட்டர் இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறுமுன் முள் காட்டிக் கொடுத்துவிடும். பாய்லர் வெடித்தால் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே மீட்டர் வைக்கிறான். தொழிலாளியின் இருதயத்துக்கு மீட்டர் வைப்பது யார்?

அப்படியொரு மீட்டரை விஞ்ஞானம் செய்துவிட்டது, தோழர்களே! அமெரிக்காவில், ஜார்ஜியா மாகாண சர்க்காரின் பொதுப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக்கில், பேராசிரியர் மார்க் ஆலன் வளர்த்த நுண்கருவி நுட்பம் அது. அவரும் இருதய டாக்டர் ஜெய் யாதவும் 2001இல் கார்டியோமெம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

கருவியின் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியே கொண்டுபோய், இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் குழாயில் அதை நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். உள்ளே பாட்டரி கிடையாது. ஒரு கம்பிச் சுருளும், ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப நெருங்கி விலகும் தகடுகளும்தான். நோயாளி வீட்டில் ஒரு தலையணைமேல் படுத்தால் போதும். அதிலுள்ள ஏரியல் ரேடியோ அலையால் அழுத்தத்தைப் படித்து டாக்டருக்கு அனுப்பிவிடும்.

பயன் என்ன? இருதயம் பலவீனப்பட்டவருக்குக் கால் வீங்கி மூச்சு முட்டுவதற்குப் பல நாள் முன்பே இந்த அழுத்தம் ஏறுகிறது. அப்போதே நீர் பிரியும் மருந்தைக் கூட்டினால் ஆபத்தைத் தடுக்கலாம். 550 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் கருவி பொருத்தி, பாதிப்பேரின் அளவை மட்டும் டாக்டர்கள் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், மற்றவர்களைவிட அவர்கள் இருதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவிகிதம் குறைந்தது.

கருவிமீது நமக்குப் பகையில்லை. அதைச் செய்த அறிவுக்கு வணக்கம்! நம் பகை விலைச் சீட்டின்மீது.

2014இல் சர்க்கார் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு செயிண்ட் ஜூட் கம்பெனி கார்டியோமெம்ஸை விழுங்கியது. 2017இல் அபாட் கம்பெனி, செயிண்ட் ஜூடையே சுமார் 2,500 கோடி டாலருக்கு விழுங்கியது. கருவிக்கு ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்த விலை 17,750 டாலர். அமெரிக்க மத்திய சர்க்கார் 2009இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கணக்குப் போடுங்கள்: வாரம் 40 மணி உழைத்தால் 61 வாரக் கூலி! அதுவும் சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல்!

முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸ் நாடு முழுவதற்கும் பொதுவான உத்தரவு போட்டது 2025 ஜனவரியில்தான். அதற்கும் ஆயிரம் நிபந்தனை. எந்த இன்ஷூரன்ஸும் இல்லாதவர் அந்நாட்டில் 2023இல் சுமார் 2.6 கோடிப் பேர். அவர்கள் கதி?

"ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவன் லாபம் எடுக்கவேண்டாமா?" என்று முதலாளித்துவ மேதைகள் கேட்பார்கள். சோதனைக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கக் கொட்டிய கோடிகளால் எந்த நோயாளியின் மூச்சுத் திணறல் தணிந்தது? விதை முளைத்தது பொது நிலத்தில். அறுவடைக் களத்துக்கு மட்டும் பேடண்ட் என்ற முள்வேலியா?

பொதுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கருவி பொதுச் சொத்தாக வேண்டும். அடக்க விலையில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். பாய்லரைக் காக்கத் தெரிந்த உலகம், அதற்குக் கரி போடும் மனிதனையும் காக்கட்டும்!