பெயர் நீக்கமும் வேண்டும்

ஊரை விட்டுப் போனவன் பெயர் வாக்காளர் பட்டியலில் நின்றுவிட்டால், அந்தப் பெயரில் வேறொருவன் வாக்களித்துவிடக்கூடும் என்று அஞ்சுகின்றோம். பல்கலைக்கழகச் சர்வரில் நிற்கும் செத்த பெயர்களைப் பற்றி மட்டும் நமக்கு அச்சமே இல்லை. அது கணிப்பொறி நிலையத்தாரின் கவலையாம்!

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மனிதனுக்கோ பெயர் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏடுதான் டி.என்.எஸ். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களையும் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே கோப்பில் எழுதிவந்தனர். பட்டியல் பெருகவே, 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த முறை வந்தது. அவரவர் பெயர்களை அவரவரே எழுதிக்கொள்ளலாயினர். எழுதும் உரிமையைப் பெற்றோம்; அழிப்பது யார் வேலை என்பதைத்தான் கேட்கவில்லை.

என்ன கேடு வந்துவிடும்? ஒரு கருத்தரங்குக்காக வெளியே வாடகைக்கு இடம் பிடித்து, நம் பல்கலைக்கழகப் பெயரின் கீழ் ஒரு பெயரை அதற்குச் சூட்டுகின்றோம். கருத்தரங்கு முடிகின்றது, வாடகையும் நிற்கின்றது. பெயர் மட்டும் அந்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றது. அந்த இடத்தை வேறெவனோ எடுத்துக்கொண்டால், அவன் நம் பெயரிலேயே கடை விரிக்கலாம். அந்தப் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்கூட வாங்கிவிடலாம். முதலாண்டு மாணவன் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு நம்பித் தன் கடவுச்சொல்லை அங்கே இடுவான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

தானே துப்புரவு செய்துகொள்ளும் ஏற்பாடு விண்டோஸ் சர்வரில் உண்டு. புதுப்பிக்கப்படாத பெயருக்கு 7 நாளும் பின்னும் 7 நாளும் தவணை தந்து, அதன்பின் நீக்கும். ஆனால் நாமாக முடுக்கினாலன்றி அது இயங்காது. கையால் எழுதிய பெயர்களையோ அது தொடுவதேயில்லை. நான் சொன்ன கருத்தரங்குப் பெயர் அந்த இனத்தைச் சேர்ந்தது.

‘அழித்தால் ஏதேனும் நின்றுவிடுமே’ என்பார்கள். நியாயமான அச்சந்தான். ஒரு மாதம் யாரும் கேட்காத பெயர், தேர்வுக் காலத்தில் மட்டும் விழிப்பதாக இருக்கலாம். ஆகவேதான் ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறேன். கேட்டறிந்து, பிரதி வைத்துக்கொண்டு அழிக்கலாம்.

படிப்பு முடிந்து போகிறவன் நூலகம், விடுதி, ஆய்வுக்கூடம் என்று வாயில் வாயிலாக ஏறி ‘நோ டியூஸ்’ கையொப்பம் வாங்குகின்றான். ஒரு பீக்கர் குறைந்தாலும் பணம் கட்டுகின்றான். அவன் எழுதிவைத்த பெயர்களை யாரும் கேட்பதில்லை! அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன?

ஈராண்டுக்கு இங்கு வந்து போகும் நம்மவர் நடத்தும் சங்கத்திற்கும் இது பொருந்தும். செயற்குழு ஆண்டுதோறும் மாறுகின்றது. விழாவுக்கொரு தளம் பிறக்கின்றது. சங்கத்தின் பெயரில் நிற்பவற்றின் பட்டியலை நிலையத்தாரிடம் இம்மாதமே கேட்டு வாங்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். முதலில் பெயரை நீக்கி, பிற சர்வர்களின் நினைவிலிருந்தும் அது மறையும்வரை பொறுத்து, அதன் பிறகே இடத்தைக் காலி செய்ய வேண்டும்.