144 வருஷக் கணக்கு

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது 2018-ஆம் வருஷத்து நோட்டீஸ் ஒன்று கையில் சிக்கியது. மஞ்சள் தாள். மேலே பிள்ளையார், நடுவில் 'தாமிரபரணி மஹா புஷ்கரம்', அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் '144 ஆண்டுகளுக்கு ஒரு முறை'. 144 என்றாலே தடை உத்தரவு என்று பழகிப்போன தலைமுறை நாம். அந்த அக்டோபரில்தான் அந்த எண்ணுக்கு இன்னொரு பொருள் வந்தது.

நெல்லைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 12-ஆம் தேதி முதல் 23 வரை பாபநாசம் தொடங்கி படித்துறைக்குப் படித்துறை கூட்டம், மாலையில் ஆரத்தி. பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு நதி. குரு எந்த ராசிக்குள் நுழைகிறாரோ அதற்குரிய நதியில் புஷ்கரம். விருச்சிகம் நம் தாமிரபரணிக்கு. முந்திய வருஷம் துலாத்தில் குரு இருந்தபோது காவிரிக்கு நடந்தது. அதையும் 144 வருஷத்துக்கு ஒரு முறை என்றுதான் சொன்னார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத வியாதி உண்டு. வியாழன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவர 11.86 வருஷம் ஆகிறது. ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒரு முறை அதே ராசிக்கு வந்துவிடும். 2006 கடைசியிலும் குரு விருச்சிகத்துக்கு வந்தார். அப்போது ஆற்றங்கரையில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்க்கவில்லை.

"அது சாதாரணப் புஷ்கரம். பன்னெண்டு பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. அப்ப வாரதுதான் மஹா புஷ்கரம்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. சரி, அதையும் போட்டுப் பார்ப்போம் என்று தாளை எடுத்தேன். 144-ஐ 11.86-ஆல் வகுத்தால் 12.14. பன்னிரண்டு முழுச் சுற்று போக மீதி 0.14 சுற்று. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ராசி என்றால், மீதி சுமார் ஒன்றே முக்கால் ராசி. ஆக 2018 அக்டோபரில் விருச்சிகத்தின் வாசலில் நின்ற குரு, சரியாக 144 வருஷத்துக்கு முன்னால், 1874 அக்டோபரில், துலாத்தையும் தாண்டிப் பின்னால் கன்னியில் இருந்திருக்கிறார். கன்னி கிருஷ்ணா நதிக்கு உரிய ராசி! அந்த வருஷம் புஷ்கரம் கொண்டாடியிருக்க வேண்டியவர்கள் ஆந்திரக்காரர்கள்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் கணக்குப் பாத்தா சாமி கும்பிட முடியுமா வே? நீரு எப்பருந்து கருப்புச் சட்டை?" என்றார். தினமும் திருநீறு பூசுகிறவன், ஆனித் தேரோட்டத்துக்கு வடம் பிடித்தவன் நான். எனக்கு இந்தக் கேள்வி வலித்தது. சாமியைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லை. நோட்டீஸ் அடித்தவரைத்தான் கேட்டேன். இரண்டும் ஒன்று என்று நாம் எப்போது நினைக்க ஆரம்பித்தோம்?

இதில் ஒரு வேடிக்கை. அந்த வருஷம் குருப்பெயர்ச்சி வாக்கியப் பஞ்சாங்கப்படி அக்டோபர் 4, திருக்கணிதப்படி 11. ஒரே கிரகம், ஒரே வானம், ஒரு வாரம் வித்தியாசம். புஷ்கரத்துக்குத் திருக்கணிதத்தை ஒட்டியே நாள் குறித்தார்கள். அதாவது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கை நாள் குறிப்பதற்கு ஏற்றுக்கொண்டாயிற்று. விளம்பரத்துக்கு மட்டும் அது வேண்டாம்.

1874 என்றதும் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தார். சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ஆம் தேதி சூரியனைச் சுக்கிரன் குறுக்கே கடந்தது. அதை நம் ஜனங்களுக்கு விளக்கப் புத்தகம் போட்டவர் அவர். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று சாகும்வரை (1880) சொல்லிக்கொண்டே இருந்தார். பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடச் சொன்னவர் இல்லை. அதன் மேல் அக்கறை இருந்ததால்தான் பிழை பொறுக்கவில்லை. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் பெயரை நான் படித்ததுமில்லை, நடத்தியதுமில்லை.

இவ்வளவு கணக்கும் என் அக்காவிடம் எடுபடவில்லை. அவளுக்கு அப்போது எழுபத்தாறு, இரண்டு முழங்காலும் போய்விட்டது. 144 வருஷம் என்றதும் எப்படியாவது முழுகியே ஆகவேண்டும் என்று நின்றாள். பாசி பிடித்த படி, முண்டியடிக்கும் கூட்டம், எனக்கு அடிவயிறு கலங்கியது. நோட்டீஸில் எண் தப்பாக இருந்தால் என்ன என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 'இனி இல்லை' என்று சொல்லித்தான் வயசானவர்களை அந்தக் கூட்டத்துக்குள் இழுத்தார்கள். நான் தாளை நீட்டி, பன்னிரண்டு வருஷத்தில் மறுபடி வரும் என்றேன்.

"ஏல, நீ வாத்தியாரு, ஒத்துக்கிடுதேன். பன்னெண்டுன்னே வச்சுக்கோ. அதுக்கு நான் இருப்பேனா?"

இதற்கு என்னிடம் வகுத்தல் இல்லை. ஒரு வேலை நாளில் விடியற்காலம் காரில் சேரன்மகாதேவிப் பக்கம் சின்னப் படித்துறை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சிறு வயதில் நாங்கள் தினமும் குளித்த கரை அது. அப்போது எந்தப் புஷ்கரமும் பார்த்துக் குளித்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டாள். இரண்டாவது படியில் யாரோ அவிழ்த்துப் போட்ட சேலை காலைச் சுற்றிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி வேட்டி, துண்டு, பிளாஸ்டிக் பை. பாவம் போகட்டும் என்று துணியை ஆற்றில் விடுவது பாபநாசத்தில் இன்றும் நடக்கிறது. நெல்லை நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதோ ஊரறிந்த சங்கதி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போயிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளில் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்து, வந்த முடிவை அந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தால் நானே வீடு வீடாக விநியோகித்திருப்பேன்.

அன்று மாலை அக்காவை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். மேற்கே தாழ்வாக, மேகம் விலகிய இடத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். "அதுதான் குரு" என்றேன். அவள் இத்தனை வயதுக்கும் வியாழக்கிழமை விரதம் இருந்தவள். கொண்டைக்கடலை மாலை எத்தனையோ சாத்தியிருக்கிறாள். குருவை வானத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்புட்டுத் தூரத்துல இருக்காரு?" என்று கேட்டாள். தொண்ணூறு கோடி கிலோமீட்டருக்கு மேல் என்றேன். ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை.

குரு 2030-ல் மறுபடி விருச்சிகத்துக்கு வருகிறார். நோட்டீஸைக் காட்டியபோது அக்கா விரல் விட்டு எண்ணினாள்.

"எனக்கு எம்பத்தெட்டு ஆயிரும். படித்துறைக்குக் கூட்டிட்டுப் போவியாலே?"

போவேன் என்று சொல்லியிருக்கிறேன்.